இடப்பக்கம் இயற்கை, வலப்பக்கம் ரசாயனம்

உண்மையைத் தேடி அலைந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால், தவறியும் அதைக் கண்டுபிடித்துவிடாமல் இருபத்திரண்டு ஆண்டுகள் தேடிய பெருமை ஒரே ஒரு வேளாண் ஆய்வு நிலையத்துக்குத்தான் உண்டு. இடப்பக்க வயலில் தொழு உரம் மட்டும். வலப்பக்க வயலில் ரசாயன உரம் மட்டும். எது மேல்? இந்தக் கேள்வியோடே தலை நரைத்தவர் அங்குள்ள தலைமை ஆய்வாளர்.

நிலையத்துக்கு விருந்தாளிகள் வருவார்கள். இயற்கை ஆர்வலர்கள் வரும்போது இடப்பக்கப் பயிர் சோகை பிடித்து நிற்கலாமா? முந்தின வாரமே கொஞ்சம் யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடுவார்கள். இதற்கு 'வரவேற்புப் பராமரிப்பு' என்று பெயர். உர நிறுவனத்தார் வரும்போது வலப்பக்க மண் கட்டாந்தரையாகக் கிடக்கலாமா? அங்கே வண்டி வண்டியாகத் தொழு உரம் இறங்கும். யார் மனதையும் நோகடிக்காத இந்த விஞ்ஞானத்தால் இரண்டு வயலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி செழித்தன.

"ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு. ஆய்வை முடிச்சிடலாமா?" என்று ஆய்வாளர் ஒருமுறை இயக்குநரிடம் கேட்டுப் பார்த்தார்.

"வித்தியாசம் இல்லைன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமா? ஏன் வித்தியாசம் இல்லைன்னு இனிமேதானே ஆராயணும்! இன்னொரு பத்து வருஷம் கேட்டு எழுதுங்க."

எழுதினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சானின் நிலம். மனைவியின் அண்ணன். அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். படித்த மாப்பிள்ளை செய்வதையே நாமும் செய்வோம் என்று, பாதி நிலத்தில் தொழு உரம் மட்டும், மீதியில் ரசாயனம் மட்டும் போட்டார். நிலையத்தின் பலகையில் இருந்த அளவு இம்மியும் பிசகவில்லை. இரண்டு பாதியும் வருஷத்துக்கு வருஷம் படுத்துக்கொண்டே வந்தன.

"மாப்பிள்ளை, உங்க பலகையில இருக்கிறதைத்தான் அப்படியே போடறேன். உங்க பக்கம் கொழிக்குது, என் பக்கம் காயுது. என் கை ராசிதான் சரியில்லையோ?"

ஆய்வாளர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மச்சான் பிழைத்துக்கொள்வார். தன் வேலை பிழைக்காது.

"இன்னும் ஒரு போகம் பொறுங்க மச்சான். முடிவு வந்துடும்."

மச்சான் பொறுத்தார். ஒரு போகமா, பல போகம். கடைசியில் நிலத்தை விற்றார். வாங்கியது ஆய்வு நிலையம்தான். அடுத்த பத்து வருஷத்துக்கு இடம் வேண்டுமே!

"இனிமே நீங்க பாத்துக்குங்க மாப்பிள்ளை. உங்க கையில நல்லா வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவமானத்தில் ஆய்வாளரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாங்கிய நிலம் ஏன் இவ்வளவு நலிந்து கிடக்கிறது என்று இயக்குநர் விளக்கம் கேட்டார். ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார்: 'விவசாயியின் கவனக்குறைவு. ஆய்வு முறையைச் சரிவரப் பின்பற்றவில்லை.'

அந்த ஆய்வை ஒழுங்காகச் செய்தவர் மச்சான் ஒருவர்தான். அதற்குத்தான் அவர் நிலம் போயிற்று.