மாப்பிள்ளை காரும் முழு டேங்க் பெட்ரோலும்

பூஞ்சேரி,
சனிக்கிழமை மதியம்.

சிரஞ்சீவி மாப்பிள்ளை பாலாவுக்கு மாமா சம்பத்தின் ஆசீர்வாதம். நானும் உங்கள் அத்தை ராஜமும் இங்கே சுகம் என்று எழுத ஆசைதான். கைகால் இன்னும் உடம்போடுதான் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன் செய்தால் 'மீட்டிங்ல இருக்கேன் மாமா' என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கூரியரில் கடிதம். இதை நீங்கள் கட் பண்ண முடியாது.

நீங்களும் ஸ்வாதியும் புனேவுக்கு மாற்றலாகிப் போனபோது, 'அப்புறம் வந்து எடுத்துக்கறோம்' என்று காரை எங்கள் வாசலில் விட்டீர்கள். பொங்கலும் போனது, ஆடியும் போனது, நீங்கள் வரவில்லை. திடீரென்று 'லாரியில ஏத்தி அனுப்பிடுங்க மாமா' என்றீர்கள். சரி. ஆனால் மகள் வீட்டுக்குப் போகிற டப்பாவில் நாலு முறுக்காவது இல்லாமல் உங்கள் அத்தை அனுப்பமாட்டாளே! "காரை மட்டும் காலியாவா அனுப்புவீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் பங்க்குக்குப் போய் டேங்க்கை முழுக்க நிரப்பிவிட்டு வந்தேன். மறுநாளே லாரி ஆபீஸிலிருந்து போன்: "சார், டேங்க் கிட்டத்தட்ட காலியா இருக்கணும். இல்லன்னா ஏத்தமாட்டோம். சனிக்கிழமை சாயந்திரம் லாரி வரும்."

ஓட்டியே தீர்க்கலாமென்றால் செங்கல்பட்டுக்கும் கேளம்பாக்கத்துக்கும் நாள் முழுக்க அலைய வேண்டும், என் இடுப்பு தாங்காது. பக்கத்து வீட்டுப் பூபாலன் சுவரேறி வந்தார். "இன்னா அண்ணாத்த, இதுக்குப் போயி பேஜாராகினு கீற? ட்யூப வுட்டு வாயால ஒரு இழு இழு, தானா வந்துகினே இருக்கும்" என்றார். "பெட்ரோல் நுரையீரலுக்குள்ள போனா என்னையும் சேத்து லாரியில ஏத்தணும்யா!" என்று கத்தினேன். செங்கல்பட்டுக்குப் போய்க் கைப்பம்ப் வாங்கி வந்தேன். அதன் குழாய் ஒரு முழம்கூட இறங்கவில்லை, உள்ளே ஏதோ வலை தடுக்கிறது. அதற்குள் பூபாலன் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றார். பெட்ரோலைக் குடத்தில் பிடிக்கக்கூடாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் தணிய என்ன செய்தார் தெரியுமா? திறந்த டேங்க் பக்கத்தில் நின்று பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்! அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டுத் திரும்பினால், வெள்ளிக்கிழமையாயிற்றே, உங்கள் அத்தை கணகணவென்ற தணலில் சாம்பிராணி போட்டு, வீடு முழுக்கக் காட்டிவிட்டு, "காருக்கும் காட்டிடறேங்க" என்று வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். "சாமிக்குப் புகை போட்டது ஒரு குத்தமா?" என்று உங்கள் அத்தை நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் மெக்கானிக் பார்த்திபனைக் கூப்பிட்டேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. இன்று காலை வந்தான். காரைக் காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளச் சொன்னான். பேட்டரி ஒயரைக் கழற்றி, பின் சீட்டைத் தூக்கி, அடியிலுள்ள பம்ப் மூடியைத் திறந்து பெட்ரோல் எல்லாவற்றையும் இரும்புக் கேனில் பிடித்துக் கொடுத்தான். செய்தி பரவித் தெருவிலுள்ள அத்தனை ஸ்கூட்டரும் பந்திக்கு வந்த மாதிரி வரிசையில் நின்றுவிட்டன. நான் போட்ட பெட்ரோலில் இப்போது ஊரே ஓடுகிறது.

ஆக, டேங்க் காலி. சாயந்திரம் வாசலும் காலி. உங்கள் அத்தை துடைத்த சீட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். 'கார் இங்க நின்னா, அத எடுக்கவாவது வருவாங்க' என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தவள். இனி எதற்கு வரப்போகிறீர்கள்? எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதை விடுங்கள். கார் பத்திரமாக வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்களும் ஸ்வாதியும் நோய்நொடியில்லாமல் பல்லாண்டு வாழ எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

இப்படிக்கு,
மாமா சம்பத்

பி.கு.: லாரி வந்தது. "டேங்க் காலியா சார்?" என்று டிரைவர் கேட்டான். "எங்கப்பா காலி? ஒரு சொட்டுகூட எறங்கமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டேன். என்னோடு பேசாமலிருந்த உங்கள் அத்தையும் உள்ளேயிருந்து ஓடிவந்து, "ஆமாப்பா, முழுசா இருக்கு" என்று சாட்சி சொன்னாள். காரை ஏற்றாமலே லாரி போய்விட்டது. நீங்களும் ஸ்வாதியுமே வந்து ஓட்டிக்கொண்டு போங்கள். அவசரமில்லை, ஒரு வாரம் இருந்துவிட்டே போகலாம்.