பார்னபியை வந்து அழைத்துப் போகவும்

மேல்கந்தைத் தோட்டம்,
புளத்கொகுபிட்டிய.
9 டிசம்பர் 1930

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை சீதாதேவி வணக்கத்துடன் எழுதுவது. அப்பா சுகம். அம்மாவுக்கு மழையால் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். நாய் மிகமிகச் சுகம். உங்கள் சுகத்தைக் கடிதத்தின் முடிவில் விசாரிக்கிறேன். இப்போது விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

ஆகஸ்ட் மாதம் பெரிய துரை ஆறு மாத விடுமுறையில் சீமைக்குக் கப்பல் ஏறும்போது, அங்கே வந்திறங்கும் நாய்களைத் தனியே அடைத்துவைப்பார்கள் என்று மனம் கலங்கி, தன் பார்னபியைத் துறைமுகத்தில் வழியனுப்ப வந்த உங்கள் கையில் கொடுத்தார். துரைமாருக்கு "யெஸ் சேர்" என்பதைத் தவிர வேறு பதில் அறியாத நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். ரம்புக்கனை வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்து, நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "டாக்ஸ்ஹுண்ட் என்ற ஜெர்மன் சாதி, குணத்தில் சாது, குடும்பத்துக்கு ஏற்றது, சின்ன நாய்க்குச் சின்ன வேலைதான்" என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே கொழும்புக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்ன நான்கையும் நான் நான்கு மாதமாக ஆராய்ந்துவருகிறேன். ஜெர்மன் சாதி என்பது ஒன்றுதான் இன்னும் பொய்யென்று தெரியவரவில்லை.

சாது என்றீர்கள். இந்தச் சாதியை, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மிருகங்களை வளைக்குள்ளேயே போய்ப் பிடிப்பதற்காக உண்டாக்கினார்களாம். இரவல் வாங்கிய புத்தகமொன்றில் படித்தேன். அம்மாவின் இஞ்சிப் பாத்திக்குள் அப்படி ஏதோ ஒன்று வசிப்பதாகப் பார்னபி முதல் வாரமே முடிவுசெய்தது. இரண்டு நாள் தோண்டியது. இப்போது அங்கே எந்த மிருகமும் இல்லை என்பது உறுதி, இஞ்சியும் இல்லை. கூப்பிட்டால் நின்று, திரும்பிப் பார்த்து, நாம் சொன்னதை நன்றாக யோசித்து, பிறகு எதிர்ப்பக்கம் போகும். குரல் மட்டும் கன்றுக்குட்டியளவு நாயின் குரல். நாளுக்கு இரண்டு வேளைதான், அதுவும் அளவாக, சதை போட்டால் ஆபத்து என்று துரை ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்திருந்தும், பார்னபி என்ற பெயர் வாயில் வராத அம்மா "பரணி, வாடா கண்ணு, வளர்ற புள்ள" என்று நான்காவது வேளைச் சோறும் வைக்கிறார். வளர்கிற பிள்ளைக்கு வயது எட்டு. வேலையெல்லாம் முடிந்து எனக்கென்று கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் புத்தகத்தை விரித்தால், விரித்த பக்கத்தின் மேலேயே வந்து படுக்கிறது. கடைவீதிக்குப் போனால் நுஹ்மான் நானா தராசை விட்டுவிட்டு எழுந்து வருகிறார். "இதென்ன புள்ள, ரெண்டு நாய ஒட்டின மாதிரி ஈக்கி? நடுவால ஒரு சோடிக் கால் வெக்க மறந்துட்டாங்களா?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை அங்கே காட்டிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது போன மாதம் நடந்தது. நல்ல மழை. பார்னபி கதவிடுக்கால் நழுவி நாலாம் நம்பர் மலைப் பக்கம் ஓட, நான் குடையோடு பின்னால் போனேன். மரத்தடியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒதுங்கி நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வளைவில் நாயின் மூக்கு தெரிந்ததுதான் தாமதம், ஐயாவுக் கங்காணி கத்தினார்: "தொர வாராரு! கீழ ஊத்துங்கடி தேத்தண்ணிய! கூடைய மாட்டுங்க!" துரையின் முன் தோட்டத்தில் யாரும் குடை விரித்து நிற்கக்கூடாதல்லவா? அறுபது வயதுக்காரர் குடையை மடக்கி, தலைப்பாகையை உருவி, பாதையை விட்டு வடிகானுக்குள் இறங்கி நின்றார். முழங்கால் வரை தண்ணீர். பார்னபி அவரைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனது. இருபதடி பின்னால் நான் வந்தேன், குடை பிடித்துக்கொண்டு.

"நீங்களாம்மா?" என்றார்.

"நான்தான். மேல ஏறி வாங்க கங்காணி. துரை சீமையில இருக்காரு. நீங்கதானே மாலை போட்டு அனுப்புனீங்க?"

"போட்டோம்தாங்க. ஆனா நாயி வந்துச்சே! நாயி முன்னால, தொர பின்னால, ஏழு வருசமா அப்படித்தானே. நாயப் பாத்துட்டு, பின்னால தொர வாராரா இல்லியான்னு நின்னா பாத்துக்கிட்டு இருக்க முடியும்?"

மேலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "கங்காணி, அப்ப இன்னைக்குக் கூலிக் கணக்குல நாயிக்கும் பேரு போடுங்க! எங்களுக்கு அரப்பேரு, அதுக்கு முழுப்பேரு!"

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார், தலையிலிருந்து நீர் ஒழுக. என்னால் சிரிக்க முடியவில்லை, அண்ணா. ஒரு சாண் உயரப் பிராணிக்காக ஒரு மனிதர் வடிகானில் இறங்குகிறார். இந்தச் சாதி நாயைப் பழக்குவது மிகக் கடினம் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. மனிதர்களைப் பழக்குவது அவ்வளவு கடினமில்லை போலும்.

பெரிய துரை இல்லாதபோது தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்ன துரையின் காதுக்குச் செய்தி போனது. வந்து ஏழு மாதமான இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த மலையிலும் யாரும் பயப்படுவதில்லை. நாய் போன நாளில் நாலாம் நம்பரில் கொழுந்து கூடுதலாக வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, தினமும் காலைச் சுற்றில் பார்னபியைத் தன் முன்னால் நடத்திப் போகத் தீர்மானித்தார். பார்னபி பத்தடி நடந்து, பாதை நடுவே மல்லாந்து படுத்துக்கொண்டது. இழுத்தார், பிஸ்கட் காட்டினார், ஜெர்மன் மொழியிலும் ஏதோ சொல்லிப் பார்த்தாராம். இந்தச் சாதி வீட்டில் ஒருவரைத்தான் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். இந்த வீட்டில் அந்தப் பாக்கியசாலி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடனே அப்பாவுக்கு உத்தரவு வந்தது: கிளாக்கரின் மகள் தினமும் காலையில் நாயோடு வரட்டும்.

"மூணு மாசந்தானே தாயி, பெரிய தொர வந்ததும் அவரு நாய அவரு பாத்துக்குவாரு" என்கிறார் அப்பா.

"ஜனவரி அஞ்சாந் தேதி கண்டிப் பள்ளிக்கூடத்துல நான் டீச்சர் வேலைக்குச் சேரணும்பா."

"பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப்போயிராது."

"என் இடம் ஓடிப்போயிரும்."

வராவிட்டால் அடுத்தவளுக்குக் கொடுப்போம் என்று பள்ளியிலிருந்து எழுதியே இருக்கிறார்கள். பத்தாண்டு படித்துப் பெற்ற ஒரே இடம் அது. அதை விட்டுவிட்டு, மழையில் மனிதர்களை வடிகானுக்குள் இறக்குவதற்காக ஒரு நாயின் பின்னால் நடக்க வேண்டுமாம். அப்பாவால் சின்ன துரைக்கு முடியாது என்று சொல்ல முடியாது. "யெஸ் சேர்" உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. ஆகவே 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, கொண்டுவந்த அதே மடியில் நாயைக் கொண்டுபோக வேண்டும். சாக்குப்போக்கு வேண்டாம். உங்கள் அறை சிறியது என்றால் நாயும் சிறியதுதான், நீங்களே சொன்னீர்கள்.

இனி, வாக்களித்தபடி: நீங்கள் சுகமா? மழையில் நனையாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அப்பாவும் அம்மாவும் ஆசி கூறுகிறார்கள். என்னால் இப்போதைக்கு வணக்கம் மட்டுமே முடியும்.

தங்கை,
சீதாதேவி

பி.கு. (11ஆம் தேதி): தபால்காரர் இரண்டு நாளாக வரவில்லை, நல்லதாயிற்று. மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். நீங்கள் வந்து அழைத்துப் போவீர்கள் என்று அப்பா சொல்லப்போக, சின்ன துரை முந்திக்கொண்டு நாயைத் தன் பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொட்டிலில் அடைத்தார். இன்று காலை பார்த்தால், கொட்டிலின் அடியில் மண்ணைத் தோண்டி வெளியேறி, அந்தக் கால்களால் இரண்டு மைல் நடந்துவந்து என் கதவோரம் கிடக்கிறது. குரைக்கவில்லை. நகமெல்லாம் இரத்தம். கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, சின்ன துரைக்கு நானே ஆங்கிலத்தில் எழுதினேன்: நான் வர மாட்டேன், எனக்கு வேலை இருக்கிறது, பெரிய துரை திரும்பும்வரை நாய் என்னோடு இருக்கும். "தொரைக்கு நீயா எழுதுற?" என்று அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானமே பதில் வந்தது. மிக்க நன்றியாம். அன்று அந்தப் பத்தடி நடையிலேயே எல்லாரும் நாயை வணங்கிவிட்டு, தன்னைத் தாண்டிப் பெரிய துரையைத் தேடினார்களாம். அவருக்கு அது பெரிய வேதனையாம்.

ஆகவே பார்னபி என்னோடு கண்டிக்கு வருகிறது. பள்ளி விடுதியில் நாய் கூடாது. அங்கே உங்கள் சிநேகிதர்களிடம் சொல்லி எனக்கு வாடகைக்கு ஓர் அறை பாருங்கள். இந்தச் சாதிக்கு முதுகு நீளம்; படி ஏறி இறங்கினால் முதுகெலும்பு கெட்டுவிடும். படியே இல்லாத வீடாக இருக்க வேண்டும். கண்டியில் அப்படி ஒரு வீடு கிடையாது என்று பதில் எழுதாதீர்கள், தேடுங்கள்.