புரட்சிப் பாடத்தை விடுமுறைக்குத் தள்ளிவைக்கவும்

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியனும், அதற்கு முன்பே என் மனைவிக்குத் தம்பியுமான மச்சினனுக்கு, உன் அத்தான் எழுதுவது.

இங்கு மூவரும் நலம் என்று முதல் வரி எழுதினேன். தோளுக்குப் பின்னால் நின்ற உன் மாணவி, அதாவது என் மகள், "நலம்னு எதை வச்சுப்பா சொல்றீங்க? ஆதாரம்?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். நலமில்லை என்பதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது, கீழே வருகிறது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாள் கொடுத்தனுப்பினாய். ஒரு பக்கம் வகுப்பறை ஒழுங்குகள், மறுபக்கம் மாதவாரியாகப் பாடத் தலைப்புகள், அடியில் பெற்றோர் கையெழுத்து. நான் குடிநீர் அலுவலகத்தில் தினம் இருநூறு தாளில் கையெழுத்துப் போடுகிறவன். ஒன்றையாவது படித்திருந்தால் இத்தனை வருடம் அங்கே குப்பை கொட்டியிருக்க முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டே போட்டேன். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் 'இவற்றை வீட்டிலும் கடைப்பிடிப்போம்' என்று இருந்ததாம். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள், எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

முதல் ஒழுங்கு: கை தூக்கி, அனுமதி கிடைத்த பிறகே பேச வேண்டும். என் வீட்டில், என் தட்டில் உப்பு இல்லை என்று சொல்ல நான் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அக்கா அனுமதி தருவதற்குள் சாப்பாடே முடிந்துவிடுகிறது. இரண்டாவது: ஆதாரமில்லாமல் எதையும் சொல்லக் கூடாது. படிக்கிற காலத்தில் வகுப்பில் நான்தான் முதல் என்று மகள் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறேன், அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. இப்போது மதிப்பெண் பட்டியல் கேட்கிறாள். கரையான் தின்றுவிட்டது என்றேன். "கரையான் அரிச்ச பெட்டியையாவது காட்டுங்க" என்கிறாள்.

அதுகூடப் போகட்டும். முதல் மாதப் பாடம் வரைபடம், அவரவர் வீட்டை அளவெடுத்து வரைந்து வாருங்கள் என்றாயாமே! வரைந்தாள். முன்னறை முழுக்கச் சிவப்பு. என்னம்மா இது என்றேன். "உங்க ஓடாத மின்விசிறிப்பா, பதினாலு. ஒருநாள் ரிப்பேர் பண்ணுவேன்னு சொன்னீங்களே, அது." சரி, உன் அக்காவின் தையல் இயந்திரம் எங்கே என்று தேடினால், அடுப்புக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில் ஒரு புள்ளி. அளவுப்படி வரைந்தால் அவ்வளவுதான் வருமாம். மூன்று வருடமாக உன் அக்கா தையலுக்கு முன்னறையைக் கேட்கிறாள், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறேன். எந்தக் குடும்பத்தில் இல்லாத பேச்சு இது? அந்த வரைபடத்துக்குப் பத்துக்குப் பத்துப் போட்டு வகுப்புச் சுவரில் வேறு ஒட்டியிருக்கிறாய். பெரிய மேதை நீ! அந்தப் புள்ளியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகுதான் தாளின் மறுபக்கத்தைப் படித்தேன். முடியாட்சி. அடுத்து, முடியாட்சி வீழ்ந்த காரணங்கள். அடுத்து, புரட்சிகள். அதற்கும் அடுத்து, தேர்தலும் குடிமக்கள் உரிமையும். இது பாடத்திட்டமா, என் ஜாதகமா? மன்னர்கள் எதனால் வீழ்ந்தார்கள் என்று மகளிடம் கேட்டுப் பார்த்தேன். "வேலை எதுவும் செய்யாம இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்ததாலப்பா." அடுப்படியிலிருந்து உன் அக்கா சிரிக்கிறாள். கை தூக்காமல் சிரிக்கிறாள்!

ஆகவே புரட்சியையும் தேர்தலையும் ஆண்டு விடுமுறைக்குத் தள்ளிவை. அதுவரை மலை, ஆறு, மண்வகை என்று நடத்து. மண்வகையால் எந்தத் தகப்பனும் கவிழ்ந்ததில்லை. மறுத்தால் நானும் ஆதாரத்தோடு பேச வேண்டிவரும். பூகோளப் பரீட்சையன்று நீ வயிற்றுவலி என்று சுருண்டு படுத்த கதையை உன் அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

என்ன இருந்தாலும் நான் மூத்தவன், வாழ்த்தாமல் முடிக்க மனம் வரவில்லை. நன்றாக இரு. கொஞ்சம் குறைவாகப் பாடம் நடத்து.

இப்படிக்கு,
முன்னறையின் ஏகபோக உரிமையாளனான
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. உன் மாணவி சர்க்கரை டப்பா மூடியில் துளை போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கேள்வி ஒன்றுதான்: முன்னறை யாருக்கு? இரகசிய வாக்கெடுப்பு. வீட்டில் இருப்பது மூன்று பேர். உன் அக்காவுக்கு விழுந்தது மூன்று ஓட்டு. மூன்றாவது யார் போட்டது என்று இருவரும் என்னைத் துளைக்கிறார்கள், நான் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மின்விசிறிகளை வெளியே தூக்க ஆள் வேண்டும், வந்து சேர். வரும்போது சுவரிலிருந்து அந்த வரைபடத்தைக் கழற்றிக் கொண்டு வா. அந்தப் புள்ளியை நான் அழிக்க வேண்டும்.