நிழல் நோட்டு

போன வாரம் பச்சைப் பசேலென்று வந்து இறங்கிய பாசி, இன்று விடிகாலையில் ரஸ்க் நிறத்துக்கு வந்திருந்தது. வானிலை அலுவலக எழுத்தர் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏன்?" என்று பாசியிடமே கேட்டார். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கு," சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. மேலே ஆறு அறை விடுதியைத் தனியாளாக நடத்துகிறவள் அவள். "அதுக்குள்ள பச்சை தெரியலைன்னா, என் துணிக்கொடி பழையபடி இங்கேயே வந்துடும். அப்புறம் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

பத்திரிகையில் அந்த ஜப்பானியத் தோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிழல், கல், பாசி, பெரணி, ஓரமாக ஒரு நாற்காலி. முப்பது வருஷமாக ஊர் மழையை எழுதியவருக்குத் தனக்கென்று ஒரு பச்சை மூலை வேண்டும்போல் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதத்துக்கு இடம் வாங்கினார்.

செடியைக் கண்டபடி வாங்கிவிடவும் இல்லை. முதலில் ஏழு நாள் விடுப்பு எடுத்தார். விடுதியின் ஈர பெட்ஷீட்டுகளுக்கு நடுவே குனிந்து புகுந்து, மணிக்கொரு தரம் நோட்டில் குறித்தார். ஒன்பது மணி, நிழல். பன்னிரண்டு மணி, நிழல். மூன்று மணி, நிழல்.

நர்சரிக்காரர் நோட்டைப் பார்த்து அசந்துபோனார். "முழு நிழலா சார்! அப்ப பூச்செடி பக்கமே போகாதீங்க. பாசி, பெரணி, குள்ள மூங்கில். கண்ணை மூடிக்கிட்டு வைக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தார். தோட்டத்துக்கு இடம்விட்டு, துணிக்கொடி மொட்டை மாடிக்குப் போனது. துணி துவைக்கும் அக்கா ஈரத்துணி வாளியோடு தினமும் மூன்று மாடி ஏறினார்.

இப்போது பாசி போயிற்று. நர்சரிக்காரருக்கு போன் போட்டார்.

"நிழல்ல தண்ணி சீக்கிரம் காயாது சார். அதிகமா ஊத்தியிருப்பீங்க, வேர் அழுகியிருக்கும். குறைங்க."

குறைத்தார். நாலே நாளில் பெரணியும் சுருண்டது.

"இப்ப என்ன சார்?"

"இலை வெளுத்துப் போச்சு."

"அப்ப வெளிச்சம் பத்தலை! முழு நிழல் இல்லையா, ஏதாவது வெளிச்சம் காட்டுங்க."

எழுத்தர் மனைவியின் அலங்காரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுபோய் கொல்லைச் சுவரில் சாய்த்தார். அன்று மாலை திரும்பியபோது மூங்கில் பாதிக்குமேல் கருகி நின்றது.

"என் கண்ணாடி எங்கே?" என்றாள் மனைவி.

"செடிக்கு வெளிச்சம் காட்டறேன்."

"எனக்கு யாரு காட்டறது?"

அவர் நேரில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் வானிலைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இருந்த விடுப்பையெல்லாம் நோட்டு தின்றுவிட்டது. வெயில் ஏறுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு.

மாதம் முடிந்தது. கொல்லையில் கல் மட்டும் நன்றாக இருந்தது. மனைவி கேலி செய்யவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நாற்காலியை மடித்து உள்ளே வைத்தார். கொடி மறுபடியும் கீழே வந்தது, பெட்ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு மனசில்லை.

மூன்று வாரம் கழித்து, ஜுரம் என்று மத்தியானமே வீடு திரும்பியவர், துண்டு எடுக்கக் கொல்லைக்குப் போனார். சொட்டிக்கொண்டிருந்த பெட்ஷீட்டுக்கு அடியில், கருகிய பெரணியின் நடுவிலிருந்து பச்சையாக ஒரு சுருள் தலை நீட்டியது. கல்லுக்கு இடையில் பாசி படர ஆரம்பித்திருந்தது.

ஜுரம் போன இடம் தெரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இங்க பாருங்களேன்! நான் ஒண்ணுமே பண்ணலை. தண்ணிகூட ஊத்தலை. அதெப்படி வந்துச்சு? ஏன்?"

துணி துவைக்கும் அக்கா வாயிலிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினார்.

"நீங்க நோட்டுல எழுதினது பூரா என் பெட்ஷீட்டோட நிழல் சார். அதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நீங்க இங்க ஒரு பந்தலைப் போட்டிருப்பீங்க, நான் ஆயுசுக்கும் மூணு மாடி ஏறிக்கிட்டிருப்பேன்."