ஜேசுதாசன் வளர்த்த பரு

கோவில்பட்டியில் தாடைப் பருவை ஆசையாக வளர்த்த ஒரே ஆண்பிள்ளை ஜேசுதாசன்தான். அப்போது அவனுக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணமாகிப் பதினாலு வருசம். பரு வருகிற வயதும் இல்லை, வந்தால் சந்தோசப்படுகிற வயதும் இல்லை.

ஆனாலும் சந்தோசப்பட்டான்.

நூற்பாலையில் அவனுக்கு ப்ளோ ரூமில் வேலை. பேல் என்கிற பஞ்சுப் பொதியை உடைத்து மிஷினில் போடுகிற இடம். ஒன்பது வருசம் பஞ்சுத்தூசியைத் தின்று நெஞ்சு கட்டிக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்றாகப் பாடுவான். திங்கள் காலையில் மில்லுக்குள் கால் வைத்ததும், யாரோ அம்மியைத் தூக்கி நெஞ்சில் வைத்தாற்போல் இருக்கும். மாதம் ஒரு தடவை வருகிற மில் டாக்டரிடம் சொல்லிப் பார்த்தான். பீடியை விடச் சொன்னார். குடிக்கிறதில்லை என்றான். அப்படியானால் குடிக்கிறவன் பக்கத்தில் உட்காராதே என்றார்.

எழுபத்தெட்டில்தான் தூசிக்கு என்று ஆளுக்கு ஒரு வாய்த்துணி கொடுத்தார்கள். கஞ்சி போட்ட முரட்டுக் காடாத் துணி. மூக்கையும் வாயையும் மூடிப் பிடரியில் முடிச்சுப் போட வேண்டும். எட்டு மணி நேரம் வேர்வையும் மூச்சும் உள்ளேயே வெந்து, மாதம் திரும்புவதற்குள் ப்ளோ ரூம்காரர்கள் அத்தனை பேர் தாடையிலும் பரு. பருத்திக்கு உழைத்தவனுக்குப் பருவாவது மிஞ்சியதே என்று சிரித்துக்கொண்டார்கள்.

அதில் சோலைராஜ் என்பவனுக்குப் பரு பழுத்துச் சீழ் வைத்தது. டாக்டர் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், இவனுக்கு வாய்த்துணி ஆகாது என்று சீட்டு எழுதினார். மறுநாளே அவனைப் பஞ்சு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பேல் உடைக்கிற வேலை இல்லை. வந்து இறங்குகிற பேலுக்கு நம்பர் போட்டால் போதும்.

அன்றைக்குத்தான் ஜேசுதாசனுக்கு உலகம் விளங்கியது. நெஞ்சுக்குள் இருப்பதை எவனும் பார்க்கப் போவதில்லை. மூஞ்சியில் இருந்தால்தான் நோய்.

அன்றிலிருந்து பருச் சாகுபடியில் இறங்கினான். வாய்த்துணியைத் துவைப்பதை நிறுத்தினான். தாடையில் தேங்காய் எண்ணெயை அப்பிக்கொண்டு இறுக்கிக் கட்டினான். கரிசலில் விதைத்துவிட்டு முளை பார்க்கிற சம்சாரி மாதிரி காலையும் மாலையும் கண்ணாடி பார்த்தான்.

வீட்டில் அவன் பெண்டாட்டி மதலேனம்மாள் தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்துக்குத் தைப்பவள். தாடையில் என்ன என்று ஒரு தடவை கேட்டாள். மில் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். வாய்த்துணி மில் சாமான், அதைத் தொடக் கூடாது என்றும் சொல்லி வைத்தான். சரி என்றாள். அவள் ஒரே சொல்லில் சரி என்றால் பயப்பட வேண்டும் என்பதைப் பதினாலு வருசத்தில் அவன் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

பத்து நாளில் பரு வாட ஆரம்பித்தது. துணி என்னவோ பழுப்பேறி அழுக்காகத்தான் இருந்தது. எண்ணெய்க் குப்பியைக் காணவில்லை. மில்லுக்குப் போகும்போதும் வந்தபிறகும் முகம் கழுவாதவனுக்குச் சோறில்லை என்று வீட்டில் புதுச் சட்டம் வேறு. ஜேசுதாசன் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினான். பரு இன்னும் வேகமாக ஆறியது. டாக்டர் வந்த அன்று அவன் முகம் குருத்தோலை ஞாயிற்றுக்குச் சவரம் செய்த மாதிரிப் பளபளத்தது.

பதினோரு பேர் தாடையைப் பார்த்துச் சலித்த டாக்டர் இவனைக் கண்டதும் எழுந்தே விட்டார். துணியை வாங்கிப் புரட்டினார். உள்பக்கம் பழைய வேட்டித்துணி மெத்தென்று இரண்டு மடிப்பாய்த் தைத்திருந்தது. மோந்து பார்த்தார். சோப்பு வாசனை. அதற்கு மேலே தேயிலை வாசனை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் ஜேசுதாசன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, என் துணியை என்ன செஞ்ச?"

அவள் மறைக்கவில்லை. ஒன்றுக்கு நாலாகத் தைத்து, தினம் ஒன்றை வெந்நீரில் அவித்து வெயிலில் காயப்போட்டதாகவும், வெள்ளையாயிருந்தால் அவன் கட்ட மாட்டான் என்று தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்ததாகவும் சொன்னாள்.

"கிட்டங்கி வேலையைக் கெடுத்துட்டியேட்டி."

"சோலைராஜ் எங்க இருக்கான்னு தெரியுமா? ஆள் கூடுதல்னு போன வாரமே வீட்டுக்கு அனுப்பிட்டாவ. புதூர்ல ஆடு மேய்க்கான். அவன் பொண்டாட்டி சந்தையில நின்னு அழுதா."

ஜேசுதாசன் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு அடைக்கிறது, அதைச் சொன்னால் அங்கே யாரும் கேட்கவில்லை என்றான்.

"என்கிட்ட சொன்னீங்களா?"

அவன் சொன்னதில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்திருந்தான்.

மறுநாள் அவளே மில்லுக்குப் போய் மானேஜர் செண்பகராஜைப் பார்த்தாள். தனக்காக மன்றாடப் போகிறாள் என்று நினைத்து ஜேசுதாசன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பேல் உடைக்கவே கை ஓடவில்லை.

சாயங்காலம் அவள் காப்பி கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். நெஞ்சு விசயத்தைத்தான் முதலில் எடுத்தாளாம். இப்படி ஒரு துணி கட்டினவனுக்கு நெஞ்சில் எப்படித் தூசி போகும் என்று மானேஜர் சிரித்தாராம். இந்தத் துணிதான் நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். இனி மில் முழுக்க மதலேனம்மாள் தைத்துத் தருகிற துணிதான். அதற்கு மாதிரியாக ஜேசுதாசன் முகத்தை எல்லோரும் பார்க்க வேண்டும், ஆகையால் அவனை ப்ளோ ரூமைவிட்டு மாற்றவே கூடாது என்று உத்தரவாம்.

ஜேசுதாசன் காப்பியைக் கீழே வைத்தான்.

"அத்தனை துணியையும் வீட்டுல வச்சா தைக்கப் போற?"

"இல்ல, கிட்டங்கியில இடம் தந்திருக்காவ. மிஷினை நாளைக்கு நீங்கதான் தூக்கிட்டு வரணும்."