ஜோத்பூருக்கு ஒரு யாத்திரை

வெளிநாட்டில, இக்காஸ்ட் எண்ட ஊரில இருக்கிற தவராஜாவுக்கு அந்த வருசம் ஒரே ஒரு ஆசை. ஜோத்பூருக்குப் போய் லால் மாஸ் சாப்பிடவேணும். பாலைவனத்து ஆட்டிறைச்சிக் கறி. செத்தல் மிளகாயில குளிச்சு எழும்பின மாதிரிச் சிவப்பு! வேலையால வந்து சப்பாத்துக் கழட்டமுதலே ரிவியில அந்தக் கறி காய்ச்சிற வீடியோதான்.

ஆனா மனிசி மனோரஞ்சிதத்திட்ட எப்பிடிக் கேக்கிறது? "ஆடு தின்னப் பிளேன் ஏறுறதோ? வாங்கிக்கொண்டு வாங்கோ, காய்ச்சித் தாறன்" எண்டு ஒரே வெட்டாய் வெட்டிப்போடுவா. தவராஜா யோசிச்சு யோசிச்சு ஒரு பிளான் போட்டார்.

"இஞ்சரும், ஒக்ரோபர் லீவுக்கு ஒரு யாத்திரை போவமோ? ஜோத்பூர்க் கோட்டைக்குள்ள ஒரு அம்மன் கோயில் இருக்காம். எனக்கு மனசு கிடந்து இழுக்குது."

மனோரஞ்சிதம் வெங்காயம் வெட்டின கத்தியைக் கீழ வைச்சா.

"உங்களுக்கோ? பக்தியோ?"

"வயசு போகுதெல்லே."

"ஓமோம். அது சரி, பாலைவனத்தில தண்ணி இல்லாமல் சனம் என்னத்தைச் சமைக்கும்?"

அந்தக் கேள்வியை மட்டும் அவரிட்டக் கேக்கக்கூடாது! மனுசன் கதிரையை இழுத்துப் போட்டிட்டார்.

"தண்ணிக்குப் பதிலா மோரும் பாலும் விட்டுத்தான் கன கறி வைக்கிறவையாம். அங்க ஒரு முள்ளு மரம் இருக்கு. அதில பயத்தங்காய் மாதிரி ஒண்டு காய்க்கும்."

"முள்ளு மரத்திலயோ பயத்தங்காய்?"

"ஓம்! சாங்கிரி எண்டு பேர். காயவைச்சா எவ்வளவு காலமும் கிடக்கும். மழை இல்லாத வருசத்தில அதுதான் சாப்பாடாம். பிறகு மாவை உருட்டித் தணலுக்கை சுட்டு, நெய்யுக்கை முக்கி..."

"மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லையோ?"

"சீச்சீ! நாங்கள் போறது கோயிலுக்கப்பா!"

அடுத்தநாளே ரிக்கற் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனா, "அண்ணை, யாத்திரையாம்!" எண்டு சனம் சுத்திவர நிண்டு கேக்குது. தவராஜா வெக்கப்பட்டுச் சிரிச்சார். திருநீறும் ஒரு விரல் கூடப் பூசினார்.

திரும்பிவரேக்க காருக்குள்ள மனோரஞ்சிதம் மெல்லச் சொன்னா:

"உங்கட பேரில ஒரு நேத்தி வைச்சிருக்கிறன். போய் வருமட்டும் மச்சம் மாமிசம் தொடமாட்டீங்கள் எண்டு. ஐயருக்கு முன்னால, எல்லாரும் கேக்கத்தான் சொன்னனான்."

கார் ஒருக்கா ஆடிச்சுது.

"ஏ... ஏனப்பா?"

"யாத்திரை எண்டாச் சும்மாவோ? அந்தச் சாங்கிரியை வயிறாரச் சாப்பிடுங்கோ. எவ்வளவு ஆசையாச் சொன்னீங்கள், பாவம்."

"அப்ப நீரும் சைவம்தானே?"

"நான் யாத்திரைக்கோ வாறன்? உங்களுக்குத் துணைக்கெல்லோ வாறன்!"

சிவப்பு லைற்றில கார் நிண்டுது. மனோரஞ்சிதம் போனை நீட்டினா. ஜோத்பூரில ஒரு சாப்பாட்டுக் கடை. லால் மாஸ். மேசை ஒரு ஆளுக்குப் புக் பண்ணியிருக்கு.

"நான் நாடகம் பாக்க ரிவியைப் போட்டா, ஒவ்வொரு நாளும் முதல்ல உங்கட ஆடுதானேயப்பா வந்து நிக்குது. பாத்துப் பாத்து எனக்கும் ஆசை வந்திட்டுது."