நெல் கிள்ளிய பிள்ளைகள்

நெல்லை எப்படி அறுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாததில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தெரியாத காரியத்தை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மாதம் சொல்லிக்கொடுத்து, நுவரெலியாவில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் மேடையேற்றிய புண்ணியவதி நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் விடமாட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வேலை கிடைக்கும் வரை இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். எல்லாரும் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒரு சொல் மண்டைக்கு ஏறினால் மனுசியை என்ன பாடுபடுத்தும் என்பதை நான் அனுபவத்தில் சொல்ல முடியும். (அம்மாவுக்கே ஒருநாள் "கதவ மெதுவா சாத்துங்க" என்று வகுப்புக் குரலில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஒருநாள் வகுப்புக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்தியப் பண்பாட்டையும் பாரம்பரியத்தையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் வகையில் நுவரெலியாவில் கலைப் போட்டி. முதலிடம் பெறும் குழுவைப் பத்து நாள் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப்போவார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இந்தப் பெயர்களைச் சொல்லாத வீடு இல்லை. போய்ப் பார்த்த வீடும் இல்லை. நான் அந்தக் காகிதத்தை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மறுநாளே எட்டுப் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன்.

என்ன ஆட்டம் போடுவது என்பதில்தான் முதல் சண்டை. அம்மா முப்பது வருசமாகக் கொழுந்து எடுத்தவர். வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"கும்மி அடிக்கட்டுமே புள்ளைங்க. மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்க அடிக்கிறதுதானே. அதுவும் இந்தியாவுல இருந்து வந்ததுதான்."

"ஐயோ அம்மா, அது நம்ம தோட்டத்துக் கும்மி. இவங்க கேக்கிறது இந்தியப் பண்பாடு."

"அப்ப நாங்க யாராம்?"

பதில் இல்லாத இடத்தில் டீச்சர்மார் செய்வதை நானும் செய்தேன்; கேள்வி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். ஹட்டனில் ஒரு கடையில் டிவிடி வாங்கி வந்து பார்த்தபோது அதில் ஓர் அறுவடை நடனம் இருந்தது. பச்சை வயல், வளைந்த அரிவாள், கண்டாங்கிச் சேலை. இதுதான் இந்தியா, இதுதான் பாரம்பரியம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். எனக்குத் தெரிந்து தோட்டத்தில் யாரும் வயலைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நான் ஒருமுறை கொழும்புக்கு ரயிலில் போனபோது பொல்கஹவெலப் பக்கம் வயல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பொல்கஹவெல வரும்போது நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனேன். டிவிடியிலும் ஆடுகிறவர்களின் முகத்தைத்தான் காட்டினார்கள், காலைக் காட்டவில்லை. ஆகவே நெல் எவ்வளவு உயரம் என்பதை நானே நிர்ணயித்தேன். மலையில் வெட்டிய மானாப்புல்லைப் பிஸ்கட் டின்களில் மண் நிரப்பி நட்டு, மஞ்சள் தண்ணீரில் முக்கி, பின்வரிசைக்காரருக்கும் தெரிய வேண்டுமே என்று நீள வாங்குப் பலகைகளின் மேல் அடுக்கினேன். நெல் பிள்ளைகளின் இடுப்புக்கு மேலே நின்றது.

ஒத்திகை நடந்த கோயில் மண்டபத்துப் பக்கம் ஒருநாள் பண்டார அண்ணன் வந்தார். தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிற சிங்களவர். சொந்த ஊரில் அவருக்கு வயல் இருந்தது. எங்கள் தோட்டத்திலேயே நெல்லைத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

"மிஸ், நெல்லு இப்பிடி ஒசரம் இல்ல," என்றார் தன் தமிழில். "கீழ. குனிஞ்சி வெட்ட வேணும்." குனிந்தும் காட்டினார்.

"அது இலங்கை நெல்லு அண்ணே," என்றேன். "இது இந்திய நெல்லு."

அவர் என்னையும் மானாப்புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒத்திகை மட்டும் போதாதென்று இந்தியப் பயண ஏற்பாட்டையும் தொடங்கிவிட்டேன். எட்டுப் பிள்ளைகளையும் ஹட்டனுக்குக் கூட்டிப்போய் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்தேன். அம்மாக்கள் பவுடரை அள்ளி அப்பி அனுப்பியிருந்தார்கள். குழுவில் முன்னால் நின்று ஆடுகிற சத்யாவுக்குப் பத்து வயது, கெட்டிக்காரி. அவள் படம் எடுக்கிறவரிடம், "இந்தியாக்காரங்க பாக்கிற படம் அண்ணே, நல்லா எடுங்க" என்று கறாராகச் சொன்னாள். திரும்பும் வழியில் பஜாரில் முஸ்லிம் நானா கடையில் ஒரு நீலநிறப் பயணப் பெட்டி வாங்கினேன்.

"இந்தியாவுக்கா போறீங்க மகள்?" என்றார் நானா. "அப்ப பெருசா எடுங்க. வரக்குள்ள சேலைக்கு இடம் காணாது."

பெருசாகவே எடுத்தேன். அந்தப் பெட்டியை வீட்டில் வைக்க இடமில்லாமல் தம்பி போட்டி நாள் வரை அதன் மேல்தான் உட்கார்ந்து சாப்பிட்டான்.

போட்டி நாள் வந்தது. தோட்டத்தை நடத்தும் தொரை பெரிய மனசு பண்ணிக் கொழுந்து லொறியைக் கொடுத்தார். பிள்ளைகள், வாங்குகள், பிஸ்கட் டின்கள், காகித மட்டையில் வெட்டி ஈயத்தாள் ஒட்டிய எட்டு அரிவாள்கள், பவுடர் டப்பாவோடு அம்மா எல்லாரும் ஏறினோம். லொறி முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம். தலவாக்கலையில் பிடித்த மழை நுவரெலியா வரை விடவில்லை. தார்ப்பாயில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்கு நேர் கீழே அரிவாள் மூட்டையை வைத்திருந்தவள் யார் என்று நீங்களே யூகிக்கலாம்.

மண்டபத்துக்குப் பின்னால் மூட்டையைப் பிரித்தபோது அரிவாள்கள் ஊறிப்போய் அப்பளம் மாதிரி தொங்கின. "பரவால்ல, புடிச்சுக்கங்க. பயந்து போனா சத்யாவைப் பாத்து ஆடுங்க. அவ செய்யிறதையே எல்லாரும் செய்ங்க," என்று கடைசி உபதேசம் செய்தேன்.

எங்களுக்கு முன்னால் ஆடிய குழுக்கள் பரதநாட்டியம் ஆடின. சலங்கையும் ஒட்டியாணமுமாக அவர்கள் இறங்கிப்போக, எங்கள் வாங்குகள் மேடையேறின. மேடைக்குக் கீழே நடுவர் மேசை. நடுவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர். தமிழ்நாட்டிலிருந்து வந்த தலைமை நடுவர் என்றார்கள்.

பாட்டு தொடங்கியது. முதல் சரணம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது சரணத்தில் சத்யா அரிவாளை ஓங்கினாள். அது நடுவில் மடங்கி அவள் கையிலேயே பிய்ந்து வந்தது. பிள்ளை திகைத்துப்போய் நின்றாள். அவளுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு நேர்வரிசையாக, மஞ்சளை மீறிய பச்சை. எங்கள் பிள்ளைகள் யாரும் வேலைக்குப் போகிறவர்கள் இல்லை. ஆனால் நடக்கப் பழகியதும் அவர்கள் விளையாடுகிற முதல் விளையாட்டு கொழுந்து எடுக்கிற விளையாட்டுத்தான். சத்யா பிய்ந்த அரிவாளைக் கீழே போட்டாள். இரண்டு கையும் தானாக மேலே வந்தன. நெல்லின் நுனியை நறுக் நறுக்கென்று கிள்ளி, தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் எறிந்தாள். முதுகில் கூடை இல்லை என்பது அவளுக்கு நினைவே இல்லை.

டீச்சர் சொல் தட்டாத மற்ற ஏழு பிள்ளைகளும் அரிவாளைக் கீழே போட்டார்கள். பதினாறு கைகள் நெல் கிள்ளின. அத்தனை அழகாக, தாளம் பிசகாமல், ஒத்திகையில் ஒருநாளும் வராத ஒற்றுமையோடு கிள்ளின.

அதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். மூன்றாவது சரணத்தில் பிள்ளைகள் வாங்குகளைச் சுற்றி வந்து சபைக்கு முதுகு காட்டி ஆட வேண்டும் என்பது என் சொந்தக் கற்பனை. சுற்றி வந்தார்கள். முதுகு காட்டினார்கள். கிள்ளி எறிந்த ஈர மானாப்புல் முழுவதும் நடுவர் மேசையில் மழையாகக் கொட்டியது. பெரியவரின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அவர் தேநீர்க் கோப்பைக்குள்ளும் இரண்டு நெல் விழுந்தது.

நான் திரைக்குப் பின்னால் தூணைக் கட்டிப்பிடித்து நின்றேன். அந்த நேரம் பார்த்து சபையின் நடுவிலிருந்து ஒரு குரல். மலையில் இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கேட்கும் அந்தக் குரல் எனக்குப் பிறந்தது முதல் பழக்கம்.

"அடியே சத்யா! முத்தின எலையக் கிள்ளாத! கணக்கப்புள்ள கண்டா எடுக்க மாட்டாரு!"

அம்மா எழுந்தே நின்றுவிட்டார். மண்டபம் சிரித்துக் குலுங்கியது. சத்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு இளசாகப் பார்த்துக் கிள்ளினாள்.

ஆட்டம் முடிந்ததும் பெரியவர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏம்மா, நெல்லை அறுத்துத்தான் நான் பாத்திருக்கேன். இப்படி நுனியைக் கிள்ளி முதுகுக்குப் பின்னால போடறது எந்த மாவட்டத்து வழக்கம்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். இருபத்திரண்டு வயது டீச்சர் இரண்டையும் செய்யவில்லை.

"திருச்சி மாவட்டம்ங்க ஐயா."

"அப்படியா?" என்றார் பெரியவர். "நான் திருச்சிதாம்மா."

ஒன்பது குழுக்களில் எங்களுக்கு எட்டாவது இடம். (ஒன்பதாவது குழு மழையால் வரவே இல்லை.) மதிப்பெண் தாளில் பெரியவர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'பிள்ளைகள் அருமை. ஆசிரியரை ஒருமுறை வயலுக்கு அழைத்துச் செல்லவும்.'

திரும்பும்போது லொறி லிந்துலையைத் தாண்டியதும் சத்யா என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், நாங்க நல்லாத்தானே எடுத்தோம்?"

"நல்லா எடுத்தீங்க," என்றேன்.

"அப்ப இந்தியாவுக்குப் போக ஏலாதா?"

அன்றைக்கு முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. மழைத்தண்ணீர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. கும்மி அடிக்க விட்டிருந்தால் அடித்து நொறுக்கியிருப்பார்கள். எனக்கு எங்கள் தோட்டத்தைக் காட்ட வெட்கமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குத் தண்டனை எட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

நீலப் பெட்டிக்குள் அம்மா கம்பளிகளை மடித்து வைத்தார். தம்பி அன்றிரவே விளையாட்டைத் தொடங்கிவிட்டான். அம்மா வைத்த சாம்பார் அடிபிடித்திருந்தது. ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்த மாவட்டத்துச் சாம்பாரும்மா?" என்றான். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "திருச்சி மாவட்டம்ங்க" என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எது கோணலாகப் போனாலும் அது திருச்சி மாவட்டம்தான். என் கல்யாணத்தில் தாலி முடிச்சுப் போட இவர் தடுமாறியபோதுகூடப் பின்னாலிருந்து யாரோ 'எந்த மாவட்டம்?' என்று கேட்டார்கள்.

பதினைந்து வருடம் போய்விட்டது. போன வருடம்தான் அம்மாவும் நானும் நிஜமாகவே திருச்சிக்குப் போனோம். கம்பளிகளைக் கொட்டிவிட்டு அதே நீலப் பெட்டியைத்தான் எடுத்தேன். உள்பையில் ஒரு கடித உறை கிடந்தது. எட்டுப் படங்கள். பவுடர் அப்பிய எட்டு முகங்கள், ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. சத்யா இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். படத்தைப் போனில் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். 'டீச்சர், என்னையும் கொண்டு போங்க' என்று பதில் வந்தது. உறையை அப்படியே உள்ளே வைத்து மூடினேன்.

திருச்சிக்கு வெளியே ஒரு ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். விளைந்த வயல். நெல் முழங்காலுக்குச் சற்று மேலேதான் நின்றது. (பண்டார அண்ணே, மன்னிச்சிருங்க.) அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினார். பிறகு குனிந்து, ஒரு கதிரின் நுனியை இரண்டு விரலால் நறுக்கென்று கிள்ளி, யோசிக்காமல் தோளுக்கு மேலால் எறிந்தார். அது பின்னால் நின்ற என் முகத்தில் வந்து விழுந்தது.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, என்னங்க இது? நெல்லைப் போயி இப்படியா கிள்ளுவாங்க? எந்த ஊரு வழக்கம் இது?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பதில் சொல்ல வேண்டியது நான்தான். பதினைந்து வருடமாகப் பாக்கி இருந்த பதில் அது.

"நுவரெலியா மாவட்டம்ங்க," என்றேன்.